செல்லச்சாமி அடிக்காத கற்பூரம்

எங்கள் சோடாக் கம்பனிக்குப் புதிதாக யார் வந்தாலும் செல்லச்சாமி முதலில் ஒரு சோடாவை உடைத்துக் கையில் கொடுப்பார். வந்தவர் முழுப் போத்தலையும் குடித்து ஏப்பமும் விட்டு முடியும்வரை பவ்வியமாகப் பக்கத்தில் நிற்பார். அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பார்.

"எப்பிடிங்க இருந்திச்சு எங்க பொகை?"

வந்தவருடைய முகம் கோணுவதைப் பார்க்கவென்றே நாங்கள் யன்னலோரம் கூடி நிற்போம். ஒருமுறை வந்த வங்கி மனேஜர் வாசலுக்கு ஓடிப்போய்த் துப்பிவிட்டு வந்தார். முதலாளி சண்முகநாதன் செல்லச்சாமியைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி ஏசினார். செல்லச்சாமி தலையைச் சொறிந்துகொண்டு, "உள்ளதத்தானுங்க சொன்னேன்" என்றார். அதுதான் முதலாளிக்கு இன்னும் ஆத்திரம். ஏனென்றால் அது உள்ளதுதான்.

கண்டியிலிருந்து பேராதனைக்குப் போகும் பாதையில், கெட்டம்பேக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் கம்பனி இருந்தது. போத்தல் கழுவ வெந்நீர் வேண்டும். வெந்நீருக்குப் பொயிலர் வேண்டும். பொயிலர் இருந்தால் புகை வரும். மற்றக் கம்பனிக்காரர்கள் புகையை ஊர் தலையில் விட்டுவிட்டு, சோடாவுக்கு வேண்டிய கரியமில வாயுவைக் கொழும்பிலிருந்து விலைக்கு எடுப்பித்தார்கள். எங்கள் முதலாளி எதையும் சும்மா போக விடாதவர். மூடிப்போன ஒரு வெள்ளைக்காரக் கம்பனியின் பழைய இயந்திரத்தை இரும்பு விலைக்கு வாங்கிப் பூட்டினார். பொயிலரின் புகை அதிலிருந்த உயரமான இரும்புக் கோபுரத்துக்குள் போகும். மேலேயிருந்து பொட்டாஷ் கரைத்த தண்ணீர் மழையாகக் கொட்டும். புகையிலுள்ள கரியமில வாயுவை அந்தத் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பிடித்ததை விட்டுவிடும். அதைச் சுத்தம் செய்து, அமுக்கி, சிலிண்டரில் அடைத்தால் சோடாவுக்கு வாயு தயார்.

இதை நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் படித்துவிட்டு வந்தேன். செல்லச்சாமி ஐந்தாம் வகுப்போடு நின்றவர். கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, இயந்திரத்தை ஒரு மாதம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்து, தானே ஓட்டப் பழகியவர். அவர் எனக்குச் சொன்ன விளக்கம் இது.

"தண்ணி எங்க தோட்டத்துக் கங்காணி மாதிரிங்க மிஸ்ஸு. வாறதெல்லாம் வாங்கி அமுக்கிக்கிரும். சூடு வச்சாத்தான் கக்கும்."

என் பாடப்புத்தகத்தில் இதை நாலு பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

நான் அங்கே ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பு. ஆய்வுகூடம் என்றால் ஒரு மேசை, ஒரு கதிரை, ஆறு கண்ணாடிக் குழாய். மங்களேஸ்வரி என்று யாழ்ப்பாணத்தில் அம்மா ஆசையாக வைத்த பெயர் அங்கே "மிஸ்ஸு" என்று குறுகிப்போயிற்று. அதற்கும் முதலில் கோபப்பட்டேன். பிறகு பழகிவிட்டது.

செல்லச்சாமிக்கு ஒரு வித்தை தெரியும். வெறும் வாளி ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு வருவார். அதற்குள் ஒன்றும் இருக்காது. அதாவது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றும் இருக்காது. ஸ்டோர்கீப்பர் நவரட்ணராஜா சிகரெட் பற்றவைக்க நெருப்புக்குச்சியைக் கிழிக்கும்போது வாளியை அதன் மேல் மெல்லச் சரிப்பார். குச்சி அணைந்துபோகும். அடுத்த குச்சியும் அணையும். கரியமில வாயு காற்றைவிடக் கனம். தண்ணீரைப்போல வாளியில் ஏந்தி ஊற்றலாம். நெருப்பு அதற்குள் உயிர்வாழாது. நவரட்ணராஜா என்னைப்போலவே யாழ்ப்பாணத்து ஆள். பகிடி என்றால் என்னவென்று தெரியாத மனுசன். பத்துக் குச்சியைக் கிழித்துவிட்டு, "இந்த நெருப்புப் பெட்டி சரியில்லை" என்று கடைக்காரனோடு சண்டைக்குப் போனார்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் தமிழர் கடைகளோடு எங்கள் அலுவலகத்தையும் எரித்தார்கள். இயந்திரக் கொட்டகை பின்பக்கம் இருந்ததால் தப்பியது. நாங்கள் மூன்று கிழமை பள்ளிக்கூட முகாமொன்றில் பாணும் பருப்பும் தின்றுவிட்டுத் திரும்பி வந்தோம். நாவலப்பிட்டிப் பக்கத்தில் செல்லச்சாமியின் அக்காள் கமலம் இருந்த தோட்டத் தொழிலாளர் லயமும் அந்தக் கிழமையில்தான் எரிந்தது. அதைப்பற்றி அவர் பேசமாட்டார். யாராவது கேட்டால் வாளியைத் தூக்கிக்கொண்டு நவரட்ணராஜாவைத் தேடிப் போய்விடுவார்.

எண்பத்தைந்தில் வந்தது வில்லங்கம். நாங்கள் எரிக்கிற எண்ணெய்க்கு வரவேண்டிய அளவு வாயு வரவில்லை. கிழமைக்குக் கிழமை ஏதோ குறைந்தது. முதலில் நான் என் கணக்கைத்தான் சந்தேகித்தேன். நவரட்ணராஜா இயந்திரத்தையும் சந்தேகிக்கவில்லை, என்னையும் சந்தேகிக்கவில்லை. நேரே முதலாளியின் அறைக்குப் போனார். நானும் அங்கே நின்றேன்.

"முதலாளி, ஆரோ வாயுவை வெளியில கொண்டு போறாங்கள். இந்தக் காலத்தில இரும்புச் சிலிண்டரில வாயு வெளியில போகுதெண்டால் பொலிஸ்காரன் என்ன நினைப்பான்? இயக்கப் பொடியளுக்குப் போகுதெண்டுதான் நினைப்பான். எல்லாரையும் அள்ளிக்கொண்டு போவான்."

"அது குண்டு செய்யிற வாயு இல்லை, நவரட்ணராஜா" என்றேன். "நெருப்பை அணைக்கிற வாயு."

"அதை நீர் பூட்ஸ் காலுக்கு முன்னால நிண்டு சொல்லும் பிள்ளை."

அந்த வருடத்தில் ஆட்கள் அதைவிட அற்பமான காரணங்களுக்குப் பிடிபட்டுப் போய்த் திரும்பி வராமல் இருந்தார்கள். வாயுவில் கை வைக்கக்கூடியவர் ஒரே ஒருவர்தான் என்பதும் அந்த அறையிலிருந்த மூன்று பேருக்கும் தெரியும். முதலாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு கடைசியாகச் சொன்னார்:

"வெள்ளிக்கிழமை எல்லாரும் அம்மனுக்கு முன்னால கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ணட்டும். ஆர் அடிக்க மாட்டனெண்டு சொல்லுறானோ அவனை நானே பொலிசிலை குடுக்கிறன். பிறகு அவங்கள் வந்து எங்களைத் தூக்கத் தேவையில்லை."

மலையகத்துச் சனங்களுக்குக் கற்பூரம் அடிப்பது விளையாட்டில்லை. எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தால் அது ஆத்தாவிடம் நேரே போய்விடும். பொய் சொல்லி அடித்தவன் வீட்டில் விளக்கெரியாது என்பார்கள். நீதிமன்றத்தில் கூசாமல் பொய்ச்சாட்சி சொல்லுகிறவன்கூடக் கற்பூரத்துக்கு முன்னால் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வான். முதலாளி படித்தவர்தான், ஆனால் யாரிடம் எந்தச் சட்டம் செல்லும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் அம்மன் இயந்திரக் கொட்டகைக்குள்ளேயே இருந்தாள். ஒரு மூலையில் பம்புகளுக்காகத் தோண்டிய இடுப்பளவு பள்ளம். மூன்று படி இறங்க வேண்டும். அதற்குள் ஒரு மாடம், மாடத்தில் மாரியம்மன் படம். வெள்ளிக்கிழமை காலையில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இருபத்திரண்டு பேரும் பள்ளத்தைச் சுற்றி நின்றோம். சத்தியத்தின் வாசகத்தை நவரட்ணராஜாவே எழுதிக்கொண்டு வந்திருந்தார்: "இங்கேயிருந்து நான் ஒரு மூச்சு வாயுவும் வெளியில் கொண்டுபோகவில்லை. கொண்டுபோனவன் யாரென்றும் எனக்குத் தெரியாது." ஓட்டை ஒன்றும் விடக்கூடாது என்று மெனக்கெட்டு எழுதியிருந்தார்.

படித்தவர்கள் முன்மாதிரி காட்ட வேண்டும் என்று முதலாளி என்னைத்தான் முதலில் இறக்கினார். விஞ்ஞானப் பட்டதாரி ஒருத்தி கற்பூரம் அடிப்பதா என்று உள்ளுக்குள் கொதித்தேன். ஆனாலும் இறங்கி, வாசகத்தைச் சொல்லி, தரையில் எரிந்த கட்டியை ஓங்கி அடித்தேன். கை சுட்டது. எனக்குப் பிறகு நவரட்ணராஜா. பிறகு லொறிச் சாரதி, போத்தல் கழுவுகிற பெண்கள், மூட்டை தூக்குகிறவர்கள். ஒவ்வொருவராக இறங்கி அடித்துவிட்டு ஏறினார்கள்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. பொயிலர் ஆறிப்போனால் அன்றைய வேலையே கெட்டுவிடும் என்று செல்லச்சாமி முதலாளியிடம் சொன்னார். "நான் கடைசியா அடிக்கிறேனுங்க. அதுக்குள்ள மிசினப் போட்டுவிட்டுர்றேன்." முதலாளி தலையசைத்தார். அரை மணித்தியாலத்தில் கொட்டகை வழக்கம்போலத் தடதடக்கத் தொடங்கியது.

அதற்குள் மற்ற எல்லோரும் அடித்து முடித்திருந்தார்கள். இயந்திரத்துக்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கடைசியாகச் செல்லச்சாமி கையைத் துடைத்துக்கொண்டு படியில் இறங்கினார். எல்லோரும் காத்திருந்தது இந்தக் கைக்குத்தான். அவர் புதிய கட்டியொன்றைத் தரையில் வைத்துக் குச்சியைக் கொண்டுபோனார். குச்சி அணைந்தது. கட்டியைக் கையில் தூக்கி மேலே பிடித்துப் பற்றவைத்துக் கீழே வைத்தார். கற்பூரம் சரியாக ஒரு கணம் எரிந்தது. அவர் கையைத் தூக்கி, "ஆத்தா" என்று வாயெடுத்தார். கற்பூரம் தானாக அணைந்துபோயிற்று.

போத்தல் கழுவுகிற பெண்ணொருத்தி வாயில் அடித்துக்கொண்டாள். "ஆத்தா ஏத்துக்கல!"

"நான் சொன்னனான்!" என்று நவரட்ணராஜா கத்தினார். முதலாளியின் முகம் வெளிறிவிட்டது. செல்லச்சாமி தூக்கிய கையைத் தூக்கியபடியே, நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இந்த மனுசனைக் கொண்டுபோகப் போகிறார்கள், ஒரு கற்பூரக் கட்டிக்காகக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று அழுகையே வந்தது.

அழுகை மூக்கில் வந்து நின்றபோதுதான் இன்னொன்று உறைத்தது. மூக்குக்குள் ஒரு சுள்ளென்ற காரம். சோடா குடித்து ஏப்பம் விடும்போது ஏறுமே, அதே காரம்.

"எல்லாரும் தள்ளி நில்லுங்கோ!" என்று நான் கத்தியது இயந்திரச் சத்தத்துக்கும் மேலே கேட்டிருக்க வேண்டும். "செல்லச்சாமி, மேல ஏறுங்கோ! நவரட்ணராஜா, நீங்கள் இறங்கிப் பத்தவையுங்கோ."

"நான் ஏன்? நான் அடிச்சிட்டன்."

"திரும்ப அடியுங்கோ. அம்மன் ஒண்டும் கோவிக்க மாட்டா."

அவர் முறைத்துக்கொண்டே இறங்கினார். கற்பூரத்தைப் பற்றவைத்தார். அணைந்தது. இன்னொன்றைப் பற்றவைத்தார். அதுவும் அணைந்தது. மேலே யாரோ கிக்கென்று சிரித்தார்கள். "ஸ்டோர் ஐயாவையும் ஆத்தா ஏத்துக்கல" என்று ஒரு குரல். முதலாளிக்குப் பொறுக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே இறங்கினார். அம்மன் முதலாளியென்றும் பார்க்கவில்லை. அவருடைய கற்பூரமும் பொசுக்கென்று போயிற்று.

கொட்டகை அதிரச் சிரித்தார்கள். நான் வெற்றிப் பெருமிதத்தோடு விளக்கம் கொடுத்தேன். இயந்திரத்தைப் போட்டதும் எங்கேயோ ஒழுகுகிற வாயு பள்ளத்துக்குள் இறங்கித் தேங்கியிருக்கிறது. தரையில் எந்த நெருப்பும் நிற்காது. முதலில் அடித்தவர்களுக்கு நெருப்பு நின்றதற்குக் காரணம் அப்போது இயந்திரம் ஓடவில்லை என்பதுதான். இயந்திரத்தை நிறுத்தி, பள்ளத்தைக் காற்றாட விட்டு, குழாய் குழாயாகத் தடவிப் பார்த்தேன். அம்மன் மாடத்துக்குப் பக்கத்துக் குழாயில் ஒரு நட்டு தளர்ந்திருந்தது. அதை என் கையாலேயே இறுக்கினேன். அதற்குப் பிறகு ஒரு கிழமையும் வாயு குறையவில்லை. கள்ளனும் இல்லை, களவும் இல்லை, ஒழுக்குத்தான் என்று நான் இரண்டு பக்கத்தில் அறிக்கை எழுதினேன். முதலாளி அதைக் கோப்பில் வைத்து, எனக்குச் சம்பளமும் கூட்டினார்.

ஒழுக்கு இல்லாத இடத்தில் திரும்ப ஒருமுறை கற்பூரம் அடிக்க வேண்டும் என்று நவரட்ணராஜா முனகிப் பார்த்தார். "அப்ப நீயும் நானும்தான் முதல்ல அடிக்கோணும்" என்றார் முதலாளி. பேச்சு அதோடு நின்றது. கதை எப்படியோ பொலிசின் காதுக்குப் போய் ஒரு சார்ஜன்ட் விசாரிக்க வந்தார். செல்லச்சாமி அவருக்கு இரண்டு சோடா உடைத்துக் கொடுத்தார். சார்ஜன்ட் மூன்று முறை ஏப்பம் விட்டுவிட்டு, இதற்குள் இருக்கிற வாயுவா அது என்று கேட்டார், அதுதான் என்றேன். குறிப்புப் புத்தகத்தை மூடிக்கொண்டு போய்விட்டார். அவரிடம் மட்டும் செல்லச்சாமி புகையைப்பற்றி வாயே திறக்கவில்லை.

அதற்குப் பிறகு பதினேழு வருடம் அந்தக் கதையை நான் சொல்லாத ஆள் இல்லை. மூடநம்பிக்கையை விஞ்ஞானம் வென்ற நாள் என்று பள்ளிக்கூடமொன்றின் பரிசளிப்பு விழாவிலும் பேசியிருக்கிறேன். செல்லச்சாமி பக்கத்தில் இருந்தால், "மிஸ்ஸு இல்லாட்டி நான் கம்பி எண்ணியிருப்பேன்" என்று பணிவாக ஒத்துப் பாடுவார்.

இரண்டாயிரத்து இரண்டில் போர்நிறுத்தம் வந்தது. அந்த வருடம் அவர் தன் மகள் சந்திரிகாவின் கல்யாணத்துக்கு அழைத்தார். கண்டி குட்ஷெட் நிலையத்தில் பஸ் ஏறிப் பேராதனையில் மாறி, கலஹாவில் இறங்கித் தேயிலைக்குள் நடந்தேன். குடும்பத்துக்கு ஒரு அறையாக ஒன்பது காம்பரா உள்ள ஒரே லயம்; நீளத்துக்கு ஒரே கூரை. பந்தலில் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. செல்லச்சாமியின் மனைவி பாப்பம்மா என்னைக் கையைப் பிடித்துத் தன் காம்பராவுக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதிரையில் இருத்தினாள். கதிரைக்குப் பக்கத்தில், கதவுக்குப் பின்னால் சிவப்பு வர்ணம் பூசிய ஒரு சின்னச் சிலிண்டர் நின்றது. அதன் வாயில் ஒரு ரப்பர்க் குழாய். குழாயின் முனையில் மண்ணெண்ணெய் ஊற்றுகிற தகரப் புனல் கட்டியிருந்தது.

அந்தத் தடித்த கழுத்தை எனக்குத் தெரியும். பழைய இயந்திரத்தோடு வந்து, எந்தப் பதிவிலும் ஏறாமல், கொட்டகைக்குப் பின்னால் குப்பையில் கிடந்த வெள்ளைக்காரச் சிலிண்டர்களில் ஒன்று அது. எழுந்து அடுத்த காம்பராவை எட்டிப் பார்த்தேன். அங்கேயும் கதவுக்குப் பின்னால் ஒன்று. அதற்கடுத்ததிலும் ஒன்று. ஒன்பது கதவுக்குப் பின்னாலும் ஒன்பது.

பந்தலில் பரிமாறிக்கொண்டிருந்த செல்லச்சாமி என் முகத்தைப் பார்த்ததுமே சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். நான் கேள்வி கேட்கத் தேவையிருக்கவில்லை.

"எங்க அக்கா லயத்துல ஒரு காம்பராவுலதான் மிஸ்ஸு மொதல்ல தீய வச்சானுங்க. தண்ணி பீலி கீழ பள்ளத்துல. ஒரு வாளி மேல வாறதுக்குள்ள பன்னெண்டு காம்பராவும் போயிருச்சு. ஒரே கூரைதானே."

"இதை எப்பிடி இங்க கொண்டு வந்தனீங்கள்?"

"சனிக்கெழமைக்கு ஒண்ணு. சாக்குல போட்டு, மேல ஒரு பழுத்த பலாப்பழம். செக்பொயிண்டுல சாக்கத் தொறந்தா வாசனையே பேசிரும். ரெண்டு சொளை குடுத்தா வழிவிட்டுருவானுங்க."

"செல்லச்சாமி, ஒரு கூரை பத்தினால் இது காணாது."

"பத்தாதுன்னு எனக்கும் தெரியும்ங்க. ஆனா கதவுக்குப் பின்னால ஒண்ணு நிக்குதுன்னா பொம்பளைங்க தூங்குவாங்க. எம்பத்தி மூணுக்குப் பொறகு இந்த லயத்துல யாரும் தூங்கல."

எனக்கு மெல்ல மெல்ல விளங்கியது. அன்றைக்கு இயந்திரத்தைப் போடப் போனவர் அந்த நட்டையும் தளர்த்திவிட்டுத்தான் பள்ளத்தில் இறங்கியிருக்கிறார். வாயு குறைவது அதோடு நின்றதும் நான் இறுக்கியதால் அல்ல. ஒன்பது கதவுக்கும் கிடைத்து முடிந்ததால்.

"அப்ப அந்த ஒழுக்கு?"

"பொகை யாருக்குங்க சொந்தம், ஆகாசத்துக்குப் போறதுதானேன்னு மனசத் தேத்திப் பாத்தேன். பொலிசுக்கிட்டன்னா சொல்லியிருப்பேன். மொதலாளிகிட்டயும் சொல்லியிருப்பேன். ஆத்தாகிட்ட அந்த வக்கீல் பேச்செல்லாம் செல்லாதுங்களே. அடிக்கவும் முடியாது, அடிக்காம இருக்கவும் முடியாது. அதான் அதுவா அணையட்டும்னு விட்டுட்டேன். பாக்கிய நீங்க பாத்துக்கிட்டீங்க."

பதினேழு வருடமாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்த என் விஞ்ஞான வெற்றி, ஒரு கற்பூரக் கட்டியைவிடச் சுருக்காக அணைந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. பொய்க்குக் கோபப்படவில்லை, என்னை நம்பவில்லையே என்றுதான் கோபம்.

"என்னட்டை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! நானே நிரப்பித் தந்திருப்பனே. ஏன் சொல்லேல்லை?"

செல்லச்சாமி சிரிக்கவில்லை. அவர் சிரிக்காமல் பேசியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

"சொல்லியிருந்தா, தெரிஞ்சுகிட்டே 'தெரியாது'ன்னு நீங்க கற்பூரத்துக்கு மேல கையை ஓங்கியிருக்கணுமே மிஸ்ஸு."